மாடிப்படிக்கு எந்தக் கண்ணாடி?

கேள்வி: எங்கள் பள்ளிக்கு மாடிக் கட்டடம் எழுப்புகிறோம். படிக்கட்டை ஒட்டி வரும் கண்ணாடித் தடுப்புக்கு ‘டஃபன்ட்’ போதும் என்கிறார் கடைக்காரர். சரியா?
– ஒரு வாசகர், செஞ்சி

பதில்: போதாது. டஃபன்ட் கண்ணாடி அடி தாங்கும். தீயில் சில நிமிடங்களிலேயே பொலபொலவென உதிர்ந்துவிடும். கம்பிவலைக் கண்ணாடி நின்று புகையை மறிக்கும், ஆனால் அனலை விட்டுவிடும். படியிறங்கும் பிள்ளைகளை அந்த அனலே சுட்டுவிடும். 2004-இல் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். அங்கே எரிந்தது கீற்றுக்கூரைதான். ஆனாலும் தப்பிக்கும் வழியை மறந்துவிட்டு எந்தப் பள்ளியும் கட்டக்கூடாது.

‘ஈ.ஐ.’ வகை என்று கேளுங்கள். அதன் அடுக்குகளுக்கு இடையிலுள்ள பொருள் சூட்டில் பொங்கி, மங்கலாகி, வெப்பத்தைத் தடுக்கும். ‘ஈ.ஐ. 60’ என்றால் 60 நிமிடம். அதுவரை மறுபக்கத்தில் சராசரி வெப்ப உயர்வு 140 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. சான்றிதழ் கண்ணாடிக்கு மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். சட்டம், சீல் எல்லாம் சேர்த்துச் சோதித்திருக்க வேண்டும். சாதாரண அலுமினியச் சட்டம் 660 டிகிரியில் உருகிவிடும். செஞ்சி வெயில் நேரே படும் இடமென்றால் அதற்கேற்ற ரகமா என்றும் கேளுங்கள்.

விலை பல மடங்கு. என்னைக் கேட்டால், படிக்கட்டைச் சுற்றிச் செங்கல் சுவரே எழுப்பி, தீத்தடுப்புக் கதவில் மட்டும் சிறிய ஈ.ஐ. கண்ணாடி வைப்பேன்.