மூச்சில் பிறக்கும் இசை



பாடற்குழுவும் பித்தளை வாத்தியக் குழுவும் ஒரே மேடையில் தோன்றும் பிற்பகல் இசை நிகழ்ச்சிகள் மேலை நாடுகளில் நடைபெறுவதுண்டு. குரல் மென்மையானது, பித்தளை முழக்கமோ வன்மையானது. இவை இரண்டும் எவ்வாறு இணைகின்றன? இரண்டுக்கும் மூலப்பொருள் மனிதனின் மூச்சே என்பதுதான் விடை.

நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்வதால் ஒலி பிறக்கிறது. பித்தளைக் கருவிகளுக்குச் சீவாளி இல்லை. வாசிப்பவரின் உதடுகளே அதிர்கின்றன. அவ்வதிர்வு வளைந்த குழாயின் வழியே சென்று முழக்கமாக வெளிப்படுகிறது. குழாய் நீண்டால் சுரம் தாழும், குறுகினால் உயரும். டிரம்போனில் குழாயை முன்னும் பின்னும் நகர்த்தி நீளத்தை மாற்றுவர். கார்னெட், டியூபா முதலியவற்றில் வால்வுகளை விரலால் அழுத்துவர். அப்போது மூச்சு கூடுதல் குழாயினுள் சுற்றிச் செல்லும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தோன்றிய இவ்வமைப்பே சாதாரணத் தொழிலாளரும் இக்கருவிகளை எளிதில் பயில வழி செய்தது.

பாடற்குழுவில் நால்வகைக் குரல்கள் உண்டு. பெண்களின் உயர்குரல் சோப்ரானோ, தாழ்குரல் ஆல்டோ. ஆண்களின் உயர்குரல் டெனர், தாழ்குரல் பாஸ். நான்கும் ஒரே வேளையில் வெவ்வேறு சுரங்களைப் பாடி இசைந்து ஒலிக்கும். ஜான் ரட்டர் 1974இல் இயற்றிய 'குளோரியா' என்னும் படைப்பில் எட்டுப் பித்தளைக் கருவிகள் பாடற்குழுவுடன் இணைகின்றன. இத்தகைய இசையில் முழக்கம் குரலை விழுங்கிவிடாதிருக்க, வாசிப்போர் பாடுவோரைச் செவிமடுத்துத் தம் ஒலியை அடக்க வேண்டும்.

இங்கிலாந்தில் இக்கலையை வளர்த்தவர்களுள் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் முதன்மையானவர்கள். யார்க்‌ஷயர் பகுதியின் கிரைம்தோர்ப் என்னும் சிற்றூரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 1917இல் ஒரு குழுவை அமைத்தனர். பகலெல்லாம் மண்ணுக்கடியில் உழைத்தவர்கள் மாலையில் கருவி பயின்றனர். 1973இல் ஹாரிசன் பர்ட்விஸில் என்னும் இசையமைப்பாளர் மிகக் கடினமான புதுமை இசை ஒன்றை அவர்களுக்கென்றே இயற்றினார். அதனையும் அவர்கள் வாசித்துக் காட்டினர். உயர்ந்த கலை உழைப்பாளிக்கு எட்டாது என்னும் கூற்றுப் பொய்யாயிற்று.

1992இல் அச்சுரங்கம் மூடப்படும் என்ற செய்தி இடியென வந்தது. எனினும் அவ்வாண்டே இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடைபெற்ற தேசியப் போட்டியில் அக்குழு முதற்பரிசை வென்றது. 1993இல் சுரங்கம் மூடப்பட்டது. குழுவோ இன்றும் வாழ்கிறது.

அவ்வாறு வாழ்வதன் இரகசியத்தை இசையே நமக்குக் கற்பிக்கிறது. நீண்ட அடியைப் பாடுகையில் அனைவரும் ஒருங்கே மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துபோகும். ஆகவே ஒருவர் மூச்சு வாங்கும்போது அருகிலிருப்பவர் பாட்டைத் தாங்குகிறார். பின்னர் இவர் ஓய, அவர் தாங்குகிறார். கேட்போர்க்கு இடைவெளியே தெரிவதில்லை.

வகுப்பில் பத்துப் பேர் வட்டமாக நின்று, ஒரே சுரத்தை இவ்வாறு மாறி மாறித் தாங்கி ஒரு நிமிடம் பாடிப் பாருங்கள். தனி ஒருவரால் இயலாதது பத்துப் பேரால் எளிதில் இயலும். ஒருவர் தளரும்போது மற்றவர் தாங்குதலே ஒற்றுமை என்பதை அப்போது உங்கள் செவியே உணரும்.