முசுக்கட்டைப் பழமா? இலையையும் பாருங்கள்

வேலியோரப் பழத்தை நிறம் பார்த்து மட்டும் பறிக்காதீர்கள். உண்ணிச்செடியின் பழமும் கறுப்புதான். முதலில் இலையைப் பாருங்கள். மல்பெரி எனும் முசுக்கட்டையில் ரம்பப்பல் விளிம்புள்ள இலைகள் கிளையில் மாறி மாறி இருக்கும். உண்ணியில் எதிரெதிராக இருக்கும், கசக்கினால் நெடி அடிக்கும். பிறகு பழத்தைப் புரட்டுங்கள்: முசுக்கட்டை, சிறுமணிகள் ஒட்டிய ஒரே நீள்பழம், உண்ணி, தனித்தனி உருண்டைகளின் கொத்து. "குருவி தின்கிறதே" என்பார்கள். குருவிக்கு ஒத்துக்கொள்வதெல்லாம் நமக்கு ஒத்துக்கொள்ளாது. முசுக்கட்டைக் காம்பில் பால் வடிந்தால் விஷம் என்பதும் சரியில்லை. அதே குடும்பத்து அத்திக்கும் பலாவுக்கும் பால் உண்டு. ஆனால் முசுக்கட்டைக் காயைத் தின்னாதீர்கள், வயிற்றைப் புரட்டும். தொட்டதும் கையோடு வருவதே பழுத்தது.

வயலோரமானால் பூச்சிமருந்து அடித்தார்களா என்று கேட்காமல் வாயில் போடாதீர்கள். உப்புநீரில் சற்று ஊறவைத்து அலசுங்கள். மணிகளின் இடுக்கில் சிறுபூச்சி தங்கும். குழந்தைகளுக்கு இலையையும் சேர்த்தே அடையாளம் காட்டுங்கள்.