சவரக்கத்திக்கு ஏற்ற தீட்டுக்கல்

மழுங்கிய சவரக்கத்தி மயிரை அறுக்காது, இழுக்கும். இழுக்கும் கத்தியை அழுத்திப் பிடிக்க நேரிடும். அழுத்தம் தோலைக் கிழிக்கும். ஆகவே கூர்மை என்பது சௌகரியத்திற்கு மட்டுமன்றிப் பத்திரத்திற்கும் உரிய விஷயமாகும். நல்ல எஃகினாற் செய்த கத்தியையும் தகாத கல் கெடுத்துவிடும். இயற்கைக் கல்லின் விலையோ அற்பமன்று. ஆதலின், சொந்தப் பணத்திலேனும் சங்கத்தின் பொதுப் பணத்திலேனும் கல் வாங்க எண்ணும் அங்கத்தினர் அதன் குணங்களை முன்னரே அறிந்திருத்தல் அவசியம்.

1. கல் செய்யும் வேலை

கல்லிலுள்ள கடினமான மணிகள் எஃகைச் சுரண்டிக் கோடுகளை இடுகின்றன. அக்கோடுகள் கத்தியின் வாயில் வந்து முடியுமிடத்தில் நுண்ணிய பற்கள் உண்டாகின்றன. கோடு ஆழமாயின் பல் முரடாகும். முரட்டுப் பல் தோலை எரியச் செய்யும். எனவே, சவரக்கத்திக்கு வேண்டுவது ஆழமற்ற கோடுகளை இடும் கல்லேயாம். அரிவாளுக்கும் கோடரிக்கும் உதவும் சாணைச் சக்கரம் இதற்கு ஒவ்வாது. அதன் சூட்டினால் மெல்லிய அலகின் பதம் போய்விடும்.

2. பெயர்பெற்ற ஒரு கல்

பெல்ஜியம் தேசத்தில் ஆர்டென் மலைப்பகுதியில் வியல்சால்ம் என்னும் ஊரைச் சுற்றிக் கோட்டிக்யூல் என்ற மஞ்சள் நிறக் கல் கிடைக்கிறது. இதில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவிகிதம் வரை கார்னெட் என்னும் மணிகள் உள்ளன. ஒரு மணியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் அவற்றுள் 5 முதல் 15 பங்கு வரை இருக்கும். இவ்வளவு பருத்த மணி நுண்ணிய கூரைத் தருவது எவ்வாறெனின், கார்னெட் மணி பல முகங்களையுடையது. ஏறக்குறைய உருண்டை வடிவினது. அது எஃகில் ஆழப் பதியாமல் மேலாகவே சுரண்டிச் செல்கிறது. மஞ்சட்கல் மெல்லிய படிவமாகக் கிடைப்பதால், உடையாதிருத்தற்பொருட்டு அதன் அடியில் பலகைக் கல் ஒட்டியிருப்பது வழக்கம். இத்தகைய அடிக்கல் குற்றமன்று.

இதுவன்றி, அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் கல், ஜெர்மனியின் துரிஞ்சியாக் கல், ஜப்பானில் கியோட்டோ மலைக் கற்கள் ஆகியனவும் பெயர்பெற்றவை. ஆர்கன்சாஸ் கல் பெரும்பாலும் எண்ணெயுடன் உபயோகிக்கப்படுவது, மற்றவை நீருக்குரியன. கத்தியை மாற்றாமல் அலகை மட்டும் மாற்றும் கில்லெட் சவரக் கருவிக்கு 1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் கிடைத்தது. அத்தகைய கருவிகள் பரவியபின் இக்கற்களுக்கு இருந்த கிராக்கி குன்றியது.

3. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

(அ) கல்லை நனைத்து வெளிச்சத்திற் சாய்த்துப் பார்த்தல் வேண்டும். நனைந்த கல்லில் வெடிப்பும் கோடும் தெளிவாய்த் தோன்றும்.

(ஆ) கோடுகளின்மீது நகத்தை ஓட்டுதல் வேண்டும். நிறத்தால் மட்டும் வேறுபட்ட கோடு தீங்கு செய்யாது. நகத்திற்குத் தட்டுப்படும் கோடு கத்தியின் வாயைச் சிதைக்கக்கூடும்.

(இ) விலை மலிந்த பழைய கத்தியொன்றை ஈரக் கல்லில் மெல்ல இழுத்துப் பூதக்கண்ணாடியாற் சோதித்தல் நன்று. தனித்து ஆழமான கீறல் காணப்படின் அக்கல்லை விலக்குக.

(ஈ) 6 அங்குல நீளமும் ஒன்றரை அங்குல அகலமும் உள்ள கல் போதும். அழகிய நிறத்திற்காக அதிக விலை கொடுத்தல் வீண்.

இயற்கைக் கற்கள் ஒரே இடத்தில் வெட்டியவையாயினும் ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஆகையால், சங்கம் பல கற்களை ஒருமிக்க வாங்குமுன் ஒவ்வொன்றையும் சோதித்தல் வேண்டும்.

4. உபயோகிக்கும் முறை

கல்லின் முகம் சமமாயிருத்தல் வேண்டும். பென்சிலாற் கோடுகளிட்டு, தட்டையான கண்ணாடிமீது விரித்த நீர்த்தாங்கும் உப்புத்தாளில் நனைத்துத் தேய்த்தால், எஞ்சிய கோடுகள் பள்ளமான இடங்களைக் காட்டும். கோடு முற்றும் மறையும் வரை தேய்க்க.

கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படிய வைத்து, வாய் முன்செல்லுமாறு, அழுத்தாமல் தள்ளுதல் முறை. முதுகு படிந்திருப்பதால் சாய்வு தானே சரியாக அமையும். கோட்டிக்யூலில் முதலிற் சிறு துண்டுக் கல்லைத் தேய்த்துப் பால்போன்ற குழம்பு உண்டாக்கித் தீட்டினால் எஃகு விரைவாய்த் தேயும். பின்னர்ச் சிறிது சிறிதாய் நீர் சேர்த்து, இறுதியில் வெறும் நீரில் முடித்தால் கூர் மென்மையாகும். அதன்பின் தோல்வாரில் முதுகு முன்செல்லத் தீற்ற வேண்டும். வாய் பொரிந்த கத்தியை முதலில் முரடான செயற்கைக் கல்லில் சீராக்கிக்கொள்க. அந்த வேலையை மெருகுக் கல்லினிடம் எதிர்பார்த்தல் கூடாது.

5. எச்சரிக்கை

கூர்மை வேறு, சுத்தம் வேறு. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உலர்ந்த இரத்தத்திலும் 7 நாட்களேனும் உயிர்த்திருக்கும். கல்லில் தீட்டுவதால் அது ஒழியாது. எனவே ஒருவருடைய கத்தியை மற்றொருவர் உபயோகித்தலாகாது. கல் சங்கத்திற்குப் பொதுவாயிருக்கலாம். கத்தி பொதுவாதல் கூடாது. தீட்ட வரும் கத்தியைச் சோப்பு நீரிற் கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்தபின்னரே கல்லில் வைக்க வேண்டும். கல்லையும் ஒவ்வொரு முறையும் கழுவி நிழலில் உலர்த்துக. இவ்விதம் பேணப்படும் கல் ஒரு தலைமுறைக்கு மேலும் உழைக்கும்.