மோட்டார்ப் பெட்டியின் ஏணிப்படம்

பழவேற்காடு ஏரியும் வங்கக் கடலும் இருமருங்கும் சூழ்ந்த குப்பங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். ஆயினும் அது குடிக்க உதவாத உவர்நீர். மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் ஒரு நாள் நின்றாலும் தாய்மார்கள் குடத்துடன் அலைய நேரிடும். மோட்டார் ஏன் நின்றது என்பதை அறிய, ஸ்டார்ட்டர் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியுள்ள படம் உதவும். அதைப் படிக்கும் முறையைக் காண்போம்.

ஏணியின் இரு கால்களைப் போல் இரண்டு நெடுங்கோடுகள் வரையப்பட்டிருக்கும். அவை மின்சாரம் வரும் கம்பிகள். இடையிலுள்ள குறுக்குக் கோடு ஏணியின் படி. அதில் நிறுத்தும் பொத்தான், ஓட்டும் பொத்தான், மிகைச்சுமை ரிலேயின் முனை, காயில் ஆகியவை வரிசையாக நிற்கும். மின்சாரம் இல்லாதபோது ஒவ்வொரு முனையும் எந்நிலையில் இருக்குமோ, அந்நிலையிலேயே படம் வரையப்படுகிறது. நிறுத்தும் பொத்தானும் ரிலே முனையும் மூடியிருக்கும். ஓட்டும் பொத்தான் திறந்திருக்கும். அதை அழுத்தினால் பாதை முழுமையாகிக் காயில் இழுக்கும், மோட்டார் ஓடும்.

விரலை எடுத்த பின்னும் மோட்டார் ஓடுவது எப்படி? ஓட்டும் பொத்தானுக்கு இணையாக மற்றொரு முனை உண்டு. காயில் இழுத்ததும் அது மூடிக்கொண்டு பாதையைத் தாங்குகிறது. மின்சாரம் தடைப்பட்டால் அது திறந்துவிடும். ஆகவே மின்சாரம் திரும்பினாலும் மோட்டார் தானாக ஓடாது. பொத்தானில் குச்சி செருகி வைப்போர் இப்பாதுகாப்பை அழிக்கின்றனர்.

இனிப் பழுதை நோக்குவோம். விரலை எடுத்ததும் மோட்டார் நின்றால், தாங்கும் முனையிலோ அதன் கம்பியிலோ குறை உள்ளது. உப்புக் காற்றால் அங்கே களிம்பு ஏறியிருக்கலாம். அழுத்தியும் அசைவில்லையெனில் மின்வரவு, ரிலே, நிறுத்தும் பொத்தான், காயில் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஐயுறல் வேண்டும். காயில் இழுத்தும் மோட்டார் சுழலாமல் உறுமினால், மூன்று பேஸ்களில் ஒன்று வரவில்லை எனக் கருதி உடனே நிறுத்துக.

அவசரத்தில் ரிலே முனையைக் கம்பியால் இணைத்து ஓட்டுவது பெருந்தவறு. ஒரு பேஸ் அறுந்தாலும் மோட்டாரைக் காக்க அப்போது எதுவுமிராது. சுருள் கருகி, பல நாள் குடிநீர் நின்றுபோகும்.

படம் படிப்பது நம் வேலை. பெட்டியைத் திறப்பது தகுதி பெற்ற மின்பணியாளரின் வேலை. பல ஸ்டார்ட்டர்களில் அவ்விரு கோடுகளுக்கிடையே 415 வோல்ட் உள்ளது. அது உயிரைப் பறிக்க வல்லது. எனவே அவரைக் கொண்டு படத்தைப் பெரிதாக எழுதுவித்து, மோட்டார் அறைச் சுவரில் மாட்டுவது பஞ்சாயத்தின் கடமை. பழுது இன்ன இடத்தில் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினால், அவரும் உரிய பொருளுடன் வந்து சேர்வார்.