பாஸில் இருந்த தேதி

(இதில் வரும் முனியம்மாவும் ஏழுமலையும் கதை மாந்தர்கள். இதில் சொல்லப்படும் சட்டமும் சலுகைகளும் உண்மை.)

1. பாதி வழியில்

கர்நாடகத்தில் கோலார் மாவட்டம் இருக்கிறது. அங்கே தங்கவயல் என்று ஓர் ஊர். அந்த ஊரில் தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். தங்கச் சுரங்கத்தில் வேலை செய்ய வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்கள்.

ஏழுமலையும் சுரங்கத்தில் வேலை செய்தவர்தான். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று. சில ஆண்டுகளில் கண் அழுத்த நோய் வந்தது. மெல்ல மெல்லப் பார்வையும் போயிற்று.

ஏழுமலை சோர்ந்து உட்காரவில்லை. வாரம் ஒரு முறை பேருந்தில் கோலாருக்குப் போவார். ஊதுபத்தியும் கற்பூரமும் வாங்கி வருவார். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் விற்பார். கிடைப்பது சிறு லாபம். பார்வையற்றோருக்கான இலவச பாஸ் அவரிடம் இருந்தது. அதனால் பேருந்துக் கட்டணம் மிச்சமாயிற்று.

ஒரு நாள் நடத்துநர் பாஸை வாங்கிப் பார்த்தார்.

"பெரியவரே, இந்தப் பாஸ் செல்லாது."

"ஏன் ஐயா? எப்போதும் இதைத்தானே காட்டுகிறேன்?"

"தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. டிக்கெட் வாங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்குங்கள்."

ஏழுமலையிடம் சரக்கு வாங்கும் பணம் மட்டுமே இருந்தது. அதைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. இறங்கிவிட்டார். அது எந்த இடம் என்று அவருக்குத் தெரியவில்லை. பேருந்துகள் வந்தன, போயின. எல்லாம் ஒரே சத்தம்தான். கடைசியில் ஒரு கல்லூரி மாணவன் அவரைத் தங்கவயல் பேருந்தில் ஏற்றிவிட்டான்.

வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் சொன்னார்:

"முனியம்மா, அவர் இறக்கிவிட்டதுகூடப் பெரிதில்லை. பாஸில் தேதி இருக்கிறது என்பதே நமக்குத் தெரியவில்லையே! எனக்குக் கண் இல்லை. உனக்கு எழுத்து இல்லை."

முனியம்மா பதில் பேசவில்லை. அடுத்த நாள் மாலை எழுத்தறிவு வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தாள்.

2. முனியம்மா படித்தாள்

நான்கு மாதம் ஆயிற்று. முனியம்மா கூட்டி வாசிக்கக் கற்றாள். எண்களையும் கற்றாள்.

இந்த நான்கு மாதமும் ஏழுமலை டிக்கெட் வாங்கித்தான் போய் வந்தார். லாபத்தில் பெரும்பங்கு அதற்கே போயிற்று. ஒரு தரகர் வந்தார். "500 ரூபாய் கொடுங்கள். புதுப் பாஸ் வாங்கித் தருகிறேன்" என்றார்.

முனியம்மா பழைய பாஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். பாஸில் எழுத்துகள் கன்னடத்தில் இருந்தன. ஆனால் எண்கள் அவளுக்குத் தெரிந்த எண்களே.

"டீச்சர், இங்கே இரண்டு தேதி இருக்கிறது" என்றாள்.

"முதல் தேதி, பாஸ் தொடங்கும் நாள். இரண்டாம் தேதி, முடியும் நாள். அதற்கு மேல் செல்லாது" என்றார் ஆசிரியை.

"தரகர் 500 ரூபாய் கேட்கிறாரே, டீச்சர்?"

"வேண்டாம் அம்மா. பார்வையற்றோருக்குப் பாஸ் இலவசம். சேவா சிந்து மூலம் நாமே விண்ணப்பிக்கலாம். சேவை மையத்தில் விண்ணப்பம் பதியச் சிறு கட்டணம் வாங்குவார்கள். அதற்கும் ரசீது கேளுங்கள். முதலில் உங்கள் வீட்டுக்காரரின் அடையாள அட்டை வேண்டும்."

3. ஒரே அட்டை, நாடு முழுவதும்

ஏழுமலையிடம் ஒரு பழைய காகிதச் சான்றிதழ்தான் இருந்தது. இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தனி அடையாள அட்டை தருகிறது. அதில் ஒரு எண் இருக்கும். அந்த அட்டை நாடு முழுவதும் செல்லும். இதற்குச் 'சுவாவலம்பன்' என்ற இணையத் தளத்தில் பதிய வேண்டும். பிறகு மருத்துவச் சோதனை நடக்கும்.

இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். கண் மருத்துவர் சோதித்தார். முனியம்மாவுக்கு ஒரு சந்தேகம்.

"ஐயா, கொஞ்சம் நிழல் தெரிகிறவர்களும் பார்வையற்றவர்கள்தானா?"

மருத்துவர் விளக்கினார்:

"நல்ல கண் உள்ளவர் 60 மீட்டர் தூரத்தில் இருந்தே ஒரு பொருளைத் தெளிவாகப் பார்ப்பார். அதே பொருளை ஒருவர் 3 மீட்டர் தூரத்திலும் பார்க்க முடியவில்லை என்று வையுங்கள். கண்ணாடி போட்டும் முடியவில்லை. நல்ல கண்ணாலும் முடியவில்லை. அப்படியானால் சட்டப்படி அவர் பார்வையற்றவர். முழு இருட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் சில சலுகைகள் பார்வை முழுவதும் இல்லாதவர்களுக்கு மட்டுமே. அதனால் சான்றிதழில் உள்ள சதவீதத்தைக் கவனமாகப் பாருங்கள்."

அட்டை வந்தது. விண்ணப்பம் போனது. புதுப் பாஸும் வந்தது. தரகருக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

4. பாஸ் எங்கே செல்லும்?

ஏழுமலையின் மகள் வேலூரில் இருக்கிறாள். "இந்தப் பாஸில் வேலூர் போகலாமா?" என்று அவர் கேட்டார்.

போக முடியாது. கர்நாடகப் பாஸ் கர்நாடக அரசுப் பேருந்துகளுக்குத்தான். அதிலும் நகரப் பேருந்து, சாதாரணப் பேருந்து, விரைவுப் பேருந்து போன்றவற்றில்தான் செல்லும். சொகுசுப் பேருந்தில் செல்லாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி உண்டு. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. உடன் வரும் ஒருவருக்கும் இல்லை.

வேலூர் போக வேறு வழி உண்டு. பங்காரப்பேட்டையில் ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கலாம். பார்வை முழுவதும் இல்லாதவருக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 சதவீதம் தள்ளுபடி உண்டு. 100 ரூபாய் கட்டணம் என்றால் 25 ரூபாய் கொடுத்தால் போதும். துணைக்குச் செல்லும் ஒருவருக்கும் அதே தள்ளுபடி. ரயில்வே கேட்கும் சான்று கையில் இருக்க வேண்டும்.

முனியம்மாவுக்கும் ஒரு நன்மை உண்டு. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் 'சக்தி' திட்டம் நடக்கிறது. அந்த மாநிலப் பெண்கள் சாதாரண, விரைவு அரசுப் பேருந்துகளில் மாநிலத்துக்குள் கட்டணமின்றிப் போகலாம். கணவருக்குத் துணையாகப் போனால் இருவருக்கும் செலவில்லை.

5. இது பிச்சை அல்ல

ஒரு நாள் பேருந்தில் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "இவர்களுக்கு எல்லாம் ஓசி. நாம்தான் காசு கொடுக்கிறோம்."

ஏழுமலை அமைதியாகப் பதில் சொன்னார்:

"தம்பி, உங்களால் சைக்கிள் ஓட்ட முடியும். வண்டி ஓட்ட முடியும். எனக்குப் பேருந்துதான் கால். பேருந்து இல்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் சோறு இல்லை. பாஸ் இருப்பதால்தான் நான் யாரிடமும் கை நீட்டாமல் பிழைக்கிறேன்."

அந்த மனிதர் எழுந்து, ஏழுமலைக்கு இடம் கொடுத்தார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டு வந்தது. பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் அவர்களுக்கு வசதி செய்து தர வேண்டும் என்று அது சொல்கிறது. பலர் முன்னிலையில் அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. பொய் சொல்லி இந்தச் சலுகையைப் பெறுவதும் குற்றம். 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

6. நாம் எப்படி உதவுவது?

பாஸ் கட்டணத்தை மட்டுமே மிச்சப்படுத்தும். எந்தப் பேருந்து வருகிறது என்று பாஸ் சொல்லாது. அதை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

- "உதவி வேண்டுமா?" என்று முதலில் கேளுங்கள்.
- கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள்.
- வெள்ளைக் கோலைப் பிடித்து இழுக்காதீர்கள். அது அவருக்கு வழி காட்டும் கருவி.
- பேருந்து வந்தால் போகும் ஊரைச் சொல்லுங்கள். படியையும் கம்பியையும் காட்டுங்கள்.
- இறங்கும் இடம் வருவதற்கு முன்பே சொல்லுங்கள்.

7. சுவரில் ஒரு வட்டம்

இப்போது ஏழுமலை மறுபடியும் கோலாருக்குப் போகிறார். முனியம்மா புதுப் பாஸை வாங்கியதும் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? இரண்டாம் தேதியைப் படித்தாள். அதற்கு ஒரு மாதம் முன்னால் உள்ள நாளை நாட்காட்டியில் வட்டமிட்டாள்.

"என்னங்க, இந்த நாளில் நாம் புதுப்பிக்கப் போக வேண்டும்."

"நீ சொன்னால் போதும், முனியம்மா. பேருந்துப் பலகையும் இப்போது உனக்குத் தெரிகிறதாமே?"

"கன்னடத்தில் கோலார் என்ற எழுத்தை மட்டும் படித்துக்கொண்டேன். முன்பெல்லாம் நானும் உங்களைப் போல யாரையாவது கேட்டுத்தானே ஏறினேன்!"

இருவரும் சிரித்தார்கள்.

நினைவில் கொள்வோம்

1. பாஸ், அட்டை, சான்றிதழ் எதுவானாலும் முடியும் தேதியைப் படிக்க வேண்டும்.
2. பார்வையற்றோர் பாஸுக்குத் தரகர் தேவை இல்லை.
3. ஒரு மாநிலத்துப் பாஸ் இன்னொரு மாநிலத்தில் செல்லாது.

பேசுவோம்

1. நடத்துநர் விதிப்படி நடந்தார். ஆனாலும் அந்தப் பேருந்தில் இருந்த மற்றவர்கள் என்ன செய்திருக்கலாம்?
2. பாஸ் பிச்சை அல்ல என்று ஏழுமலை ஏன் சொன்னார்?
3. ரயில் கட்டணம் 200 ரூபாய். 75 சதவீதம் தள்ளுபடி போக ஏழுமலை எவ்வளவு கொடுப்பார்? முனியம்மாவும் துணைக்குப் போனால் இருவருக்கும் எவ்வளவு?

செய்வோம்

உங்கள் தெருவில் பார்வையற்றவர் யாராவது இருக்கிறாரா? அவரிடம் பாஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அதில் உள்ள தேதியை அவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.