ஒரே ஒரு 'எஸ்'

எட்டாம் வகுப்பில் 'பீப்பிள்ஸ்' என்று எழுதியதற்காக ஆங்கில வாத்தியார் என் புறங்கையில் ஸ்கேலால் அடித்தார். "பீப்பிளே பன்மை, அதுக்கு மேல எதுக்குடா எஸ்?" என்றார். முப்பது வருஷம் கழித்து எனக்கு ஒரு பதிப்பகத்தின் வேலை போனதற்கு அந்த அடிதான் காரணம் என்று இன்றும் சொல்வேன். பாதி விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு முழு அடி கொடுத்தார்.

நான் மெய்ப்புத் திருத்துகிறவன். நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி ஓர் ஆங்கில நூல் வந்தது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு இனங்கள். முன்னுரையின் முதல் வரியிலேயே 'சிக்ஸ் பீப்பிள்ஸ்'. பார்த்ததும் கை பரபரத்தது. கணினியில் தேடி மாற்றும் வசதியைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினேன். புத்தகம் முழுக்க எஸ் போய்விட்டது. அச்சாகி வந்தபோது அந்த வரி 'சிக்ஸ் பீப்பிள்' என்றது. அதாவது, ஆறு பேர். ஆறு இனங்களை ஆறு ஆட்களாக்கிவிட்டேன்.

ஆட்கள் என்ற பொருளில் பீப்பிள் பன்மை, எஸ் சேராது. ஓர் இனம் என்ற பொருளில் அதே சொல் ஒருமை. 'எ பீப்பிள்' என்றே சொல்லலாம், பல இனங்கள் என்றால் பீப்பிள்ஸ்தான். 1945இல் எழுதிய ஐ.நா. சாசனத்தின் முதல் வரியிலேயே அந்த எஸ் இருக்கிறது.

அந்த ஓர் எழுத்துக்காகப் பழங்குடிகள் எத்தனை வருஷம் வாதாடினார்கள் என்று பிறகுதான் படித்தேன். இனம் என்று ஒப்புக்கொண்டால் சுயநிர்ணய உரிமையும் கேட்பார்களே என்று அரசுகளுக்குப் பயம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1957 உடன்படிக்கைத் தலைப்பில் 'பாப்புலேஷன்ஸ்' என்றுதான் இருந்தது. 1989இல் பீப்பிள்ஸ் வந்தது. வந்த கையோடு, இந்தச் சொல்லை வைத்துச் சர்வதேசச் சட்டத்தில் உரிமை எதையும் கற்பித்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். ஐ.நா. 1993ஐப் பழங்குடிகள் ஆண்டாக அறிவித்தபோதும் பெயரில் எஸ் இல்லை. 2007 பிரகடனத்தில் எஸ்ஸும் கிடைத்தது, சுயநிர்ணய உரிமையும் கிடைத்தது. அதைத்தான் நான் ஒரே தட்டில் துடைத்துப் போட்டேன்.

கூட்டத்தைக் குறிக்கும் மற்றச் சொற்களில் இவ்வளவு ஆபத்து இல்லை. போலீஸ் எப்போதும் பன்மை; ஒருவரைச் சொல்ல 'போலீஸ் ஆபீசர்' என்று எழுதுங்கள். ஸ்டாஃப் என்றால் அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் சேர்ந்தது. ஒருவரை 'ஒரு ஸ்டாஃப்' என்பதும் பலரை 'ஸ்டாஃப்ஸ்' என்பதும் நம் ஆபீஸ் பேச்சு, எழுத்தில் வேண்டாம். டீம், கமிட்டிக்குப் பின்னால் 'ஆர்' வருவதை பிரிட்டனில் சகஜமாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் 'இஸ்'தான். "ஃபேமிலி ஊருக்குப் போயிருக்காங்க" என்று மனைவியை மட்டும் சொல்கிற பழக்கம் நமக்கு உண்டு. ஆங்கிலக் கடிதத்தில் 'வைஃப்' என்றே எழுதிவிடுங்கள்.

நீங்களும் மெய்ப்புத் திருத்துகிறவர் என்றால் உங்கள் மேஜையிலும் இப்படி ஒரு கட்டு காத்திருக்கும். தேடி மாற்றும்போது ஒவ்வோர் இடமாக நின்று, வாக்கியத்தைப் படித்து மாற்றுங்கள். மொத்தமாக மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு சொல்லை நூலாசிரியர் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எழுதியிருந்தால், அது கைப்பிசகாக இருக்காது, கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

கடைசி மெய்ப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது பதிப்பகம். அவர்கள் கண்ணிலும் படவில்லை. ஆனால் கூலியை நிறுத்தியது எனக்கு மட்டும். அதில் நியாயம் இருப்பதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. நூலை எழுதிய அம்மா போனில் கோபப்படக்கூட இல்லை. "அந்த எஸ்ஸுக்காகத்தான் சார் முன்னுரையவே மூணு தடவ எழுதினேன்" என்றார். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.