துடுப்புப் படகுப் பந்தயமும் நம் நாட்டுப் பெண்களும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

மேற்கே நீரோடி முதல் கிழக்கே ஆரோக்கியபுரம் வரை கடற்கரை ஊர்கள் வரிசையாக அமைந்தது நம் குமரி மாவட்டம். நம் முன்னோர் கட்டிய கட்டுமரத்தின் பெயரையே ஆங்கிலேயர் தம் மொழிக்கு எடுத்துச் சென்று ‘கட்டமரான்’ என்று வழங்குகின்றனர். இத்தகைய மண்ணில் பிறந்த நாம், துடுப்புப் படகுப் பந்தயம் என்றதும் அது நமக்குத் தெரிந்த கலைதானே என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் உலக அரங்கில் நடைபெறும் இப்போட்டியைப் பற்றிப் படிக்கும்போது இரண்டு செய்திகள் நம்மை வியக்க வைக்கின்றன. ஒன்று, இதில் நம் நாட்டிற்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர்களுள் சிலர் தண்ணீரே அரிதான ஊர்களில் பிறந்தவர்கள். மற்றொன்று, இந்தியப் பெண்கள் இத்துறையில் இன்னும் வெகுதூரம் செல்ல வேண்டியிருக்கிறது. இவற்றின் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போட்டியின் அமைப்பு

நமக்கு அண்டையிலுள்ள ஆலப்புழையில் 1952 முதல் நடைபெற்று வரும் நேரு கோப்பை வள்ளம்களியை நம்மில் பலர் அறிவோம். சுண்டன் வள்ளத்தில் ஏறக்குறைய நூறு பேர் முன்னோக்கி அமர்ந்து, கையில் பிடித்த துடுப்பால் நீரைத் தள்ளுவர். சர்வதேசப் போட்டியோ இதனின்றும் வேறானது. இதில் துடுப்புகள் படகின் இருபுறமும் நீட்டப்பட்ட தாங்கிகளில் பொருத்தப்பட்டிருக்கும். வீரர்கள் படகு செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, துடுப்பைத் தம்மை நோக்கி இழுப்பர். ‘தண்டு வலித்தல்’ என்னும் நம் பழைய வழக்கு இதற்கு மிகப் பொருந்தும்.

ஒவ்வொருவரும் இரு கைகளிலும் ஒவ்வொரு துடுப்பைப் பிடித்தால் அது ‘ஸ்கல்லிங்’ எனப்படும். இரு கைகளாலும் ஒரே துடுப்பை இழுத்தால் அது ‘ஸ்வீப்’ எனப்படும். ஒருவர், இருவர், நால்வர், எண்மர் எனப் படகுகள் பலவகை. எண்மர் படகில் ஒன்பதாவதாகச் சுக்கானி ஒருவர் இருப்பார். அவர் துடுப்பு வலிப்பதில்லை. வழிகாட்டி, வேகத்தைக் கூறி, குழுவை ஊக்குவிப்பதே அவர் கடமை. பந்தயத் தூரம் 2000 மீட்டர். அமைதியான நீரில், மிதவைகளால் பிரிக்கப்பட்ட நேரான பாதைகளில் ஓட்டம் நடைபெறும். எண்மர் படகு இத்தூரத்தை ஐந்தரை நிமிடம் அளவில் கடந்துவிடும். ஒற்றையர் படகுக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆகும்.

நாம் படித்த அறிவியலும் படகும்

இவ்விளையாட்டு நம் பாடநூலுக்கு நல்ல விளக்கமாக அமைகிறது. துடுப்பின் அலகு நீரைப் பின்னே தள்ளுகிறது. நீர் அதே அளவு விசையுடன் படகை முன்னே தள்ளுகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. துடுப்போ ஒரு நெம்புகோல். நீரில் ஊன்றிய அலகு ஆதாரப்புள்ளி, கைப்பிடியில் திறன், இடையில் படகாகிய பளு. ஆகவே இது பாக்குவெட்டியைப் போன்ற இரண்டாம் வகை நெம்புகோல் எனலாம்.

கைவலிமை உடையவரே இதில் வெல்வர் என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. இருக்கை சிறு உருளைகளின் மேல் முன்னும் பின்னும் ஓடும். வீரர் முழங்கால்களை மடக்கி முன்னே நகர்ந்து, துடுப்பை நீரில் இறக்கி, கால்களை உதைத்து நீட்டுகிறார். பிறகு முதுகு சாய்கிறது. கடைசியில்தான் கைகள் மடங்குகின்றன. ஆகவே பெரும்பகுதி வலிமை கால்களிலிருந்தே பிறக்கிறது. நிமிடத்திற்கு முப்பத்தைந்து முறைக்கு மேல் இவ்வாறு செய்ய வேண்டும். இருதயமும் நுரையீரலும் தம் முழு ஆற்றலையும் தர வேண்டிய கடும் உழைப்பு இது.

ஒற்றையர் பந்தயப் படகின் நீளம் ஏறக்குறைய 8 மீட்டர். விதிப்படி அதன் குறைந்தபட்ச எடை 14 கிலோகிராம் மட்டுமே. கரி இழையால் செய்யப்பட்டு, ஒருவர் அமரும் அகலமே உடைய அப்படகு, துடுப்புகளைச் சமமாகப் பிடிக்காவிட்டால் கவிழ்ந்துவிடும். எனவே நீந்தத் தெரிந்த பிறகே எவரும் அதில் ஏற வேண்டும்.

ஒருமித்த உழைப்பு

எண்மர் படகில் எல்லாத் துடுப்புகளும் ஒரே கணத்தில் நீரில் இறங்கி, ஒரே கணத்தில் எழ வேண்டும். ஒருவர் தம் திறமையைக் காட்ட எண்ணி மற்றவரை முந்தினால் படகு தடுமாறும். ஒருவர் சோம்பினாலும் அவ்வாறே. இங்கே கோல் போட்டவர் என்றோ, அதிக ஓட்டம் எடுத்தவர் என்றோ தனியே புகழப்படுபவர் இல்லை. மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், சீடர்கள் எதிர்க்காற்றில் தண்டு வலித்து வருந்தியதை வாசிக்கிறோம். அவர்களுள் எவர் அதிகம் வலித்தார் என்று நற்செய்தியாளர் கூறவில்லை. ஒரே படகில் இருப்பவர்களுக்கு அத்தகைய கணக்கு இல்லை அன்றோ!

பெண்களுக்கு வழி திறந்த வரலாறு

இவ்விளையாட்டின் சர்வதேசச் சம்மேளனம் 1892-இல் இத்தாலியின் டூரின் நகரில் தோன்றியது. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான படகுப் பந்தயம் 1900-இல் பாரிஸில் தொடங்கியது. உலகச் சாம்பியன் போட்டிகள் 1962-இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் ஆரம்பமாயின. பெண்களோ உலகச் சாம்பியன் போட்டியில் சேர 1974 வரையிலும், ஒலிம்பிக்கில் சேர 1976-இல் மாண்ட்ரியால் நகரில் நடந்த போட்டி வரையிலும் காத்திருக்க நேர்ந்தது. அதாவது, ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே 76 ஆண்டுகள்!

அப்போதும் பெண்களுக்குத் தரப்பட்ட தூரம் 1000 மீட்டர்தான். பெண்ணின் உடல் அதற்கு மேல் தாங்காது என்று எண்ணினர் போலும். 1985-இல் உலகச் சாம்பியன் போட்டியிலும், 1988-இல் சியோல் ஒலிம்பிக்கிலும் பெண்கள் 2000 மீட்டர் முழுவதையும் வலித்துக் காட்டினர். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 7 எனப் போட்டிகளின் எண்ணிக்கை சமமாயிற்று.

இவ்வரலாற்றில் இருவரை நாம் மறக்கலாகாது. ருமேனியாவின் எலிசபெத்தா லிப்பா 1984 முதல் 2004 வரை ஆறு ஒலிம்பிக்குகளில் பங்கேற்று 5 தங்கம், 2 வெள்ளி, 1 வெண்கலம் பெற்றார். கடைசித் தங்கத்தை வென்றபோது அவருக்கு வயது 39. பிரிட்டனின் கேத்தரின் கிரெய்ஞ்சர் 2000, 2004, 2008 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் வெள்ளியே பெற்றார். மூன்று முறை தங்கம் கைநழுவியும் துடுப்பைக் கீழே வைக்காமல், 2012-இல் லண்டனில் தங்கம் வென்றார். 2016-இல் மீண்டும் ஒரு வெள்ளி பெற்றார்.

இந்திய வீரர்கள்

நம் நாட்டில் இவ்விளையாட்டின் தொடக்கம் பழமையானது. சென்னையில் அடையாற்றங்கரையிலுள்ள மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் நிறுவப்பட்டது. கொழும்பு ரோயிங் கிளப் அதற்கும் மூன்று ஆண்டு மூத்தது. இவ்விரு சங்கங்களும் நெடுங்காலமாகத் தம்முள் போட்டியிட்டு வந்துள்ளன. ஆயினும் இவை அன்று வெள்ளையர் பொழுதுபோக்கிற்காகவே ஏற்பட்டவை. இந்தியப் படகுச் சம்மேளனம் 1976-இல்தான் அமைந்தது. ஒலிம்பிக்கில் நம் படகு முதன்முதலாக இறங்கியது 2000-ஆம் ஆண்டு சிட்னியில். காசம் கான், இந்தர்பால் சிங் ஆகிய இருவர் அதை வலித்தனர்.

ஆசிய விளையாட்டில் நமக்கு முதல் படகுத் தங்கம் கிடைத்தது 2010-இல், சீனாவின் குவாங்சோ நகரில். ஒற்றையர் பந்தயத்தில் அதை வென்ற பஜ்ரங் லால் தாக்கர், மணல் நிறைந்த ராஜஸ்தானத்தைச் சேர்ந்தவர். இராணுவத்தில் சேர்ந்த பின்னரே அவர் படகைத் தொட்டார்.

மற்றொருவர் மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தைச் சேர்ந்த தத்து போகனால். அவர் ஊர் வறட்சியால் வாடியது. அவர் தந்தையோடு சேர்ந்து கிணறு வெட்டும் வேலை செய்தவர். இளமையில் தண்ணீரைக் காண்பதற்கே மண்ணைத் தோண்ட வேண்டியிருந்த அவர், 2012-இல் இராணுவத்தில் சேர்ந்து, நீருக்கு அஞ்சி, பின்னர் அவ்வச்சத்தை வென்றார். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் பந்தயத்தில் 13-ஆம் இடம் பெற்றார். 2018 ஆசிய விளையாட்டில் உடல்நலம் குன்றி ஒற்றையர் இறுதிப் பந்தயத்தில் கடைசியாக வந்தார். மறுநாளே சவரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் நால்வர் ஸ்கல் படகில் அமர்ந்து தங்கம் வென்றார்.

இவ்விருவர் வாழ்க்கையும் நமக்கு உணர்த்துவது என்ன? நீரருகே பிறப்பது மட்டும் ஒருவரைப் படகு வீரராக்குவதில்லை. பயிற்றுவிப்பவரும், படகும், வாய்ப்பும் கிடைத்தால் பாலைவனத்தில் பிறந்தவரும் தங்கம் வெல்வார். அவை கிடைக்காவிட்டால் கடலுக்கு எதிரே பிறந்தவரும் கரையிலேயே நிற்பார்.

இந்திய வீராங்கனைகள்

அதே 2010 ஆசிய விளையாட்டில், ஒடிசாவைச் சேர்ந்த பிரதிமா புகான், பிரமிளா பிரவா மின்ஸ் ஆகிய இரு பெண்கள் சுக்கானி இல்லா இருவர் பந்தயத்தில் வெண்கலம் பெற்றனர். ஆசிய விளையாட்டுப் படகுப் பந்தயத்தில் இந்தியப் பெண்கள் பெற்ற முதல் பதக்கம் அது. 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நம் நாடு இவ்விளையாட்டில் 2 வெள்ளி, 3 வெண்கலம் என 5 பதக்கங்களைக் குவித்தது. மகிழ்ச்சிதான், எனினும் ஐந்தும் ஆண்கள் பெற்றவை. 2000 முதல் 2024 வரை ஒலிம்பிக் படகுப் பந்தயத்திற்கு நம் நாட்டிலிருந்து சென்ற அனைவரும் ஆண்களே.

இந்நிலையில் நமக்கு நம்பிக்கை ஊட்டுபவர் அனிதா. விபத்தில் காலை இழந்த இவர், கண்ணிவெடியில் காலை இழந்த இராணுவ வீரர் நாராயண கொங்கணபள்ளியுடன் சேர்ந்து, 2023 ஹாங்சோ மாற்றுத்திறனாளர் ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். 2024-இல் பாரிஸ் பாராலிம்பிக்கில் இவர்கள் எட்டாம் இடம் பெற்றனர். இரு கால்களும் உடைய நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் கடற்கரைப் பெண்கள்

எங்கள் வகுப்பில் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் தோழியர் பலர். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறார்கள். அம்மாமார் மீன்கூடை சுமந்து ஊர் ஊராகச் சென்று குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் பெண்பிள்ளை வள்ளத்தில் ஏறுவது வழக்கமில்லை. நீந்தத் தெரிந்த தோழியரும் எங்களுள் மிகச் சிலரே. பையன்கள் தாமாகவே கடலில் குதித்து நீந்தக் கற்கிறார்கள். எங்களுக்கோ அலை காலில் படும் தூரமே எல்லை.

பெற்றோரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய நம் ஊர்களில் உயிரிழந்தோருள் பெண்களும் குழந்தைகளும் பெருந்தொகையினர். 2017-இல் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அத்தகைய கடலை எண்ணி எந்தத் தாயும் கலங்கத்தான் செய்வார். நீச்சல் தெரிந்திருந்தால் சுனாமியில் எல்லாரும் பிழைத்திருப்பர் என்றும் நாங்கள் கூறவில்லை. ஆயினும் நீருக்கு அஞ்சி நீரைக் கற்காமல் இருப்பதால் அச்சம் குறையுமா, கூடுமா? குளத்தில், ஆழம் அறிந்த இடத்தில், தக்க ஆசிரியையின் பார்வையில் நீந்தக் கற்பது ஆபத்தைத் தேடிப் போவதன்று. ஆபத்திலிருந்து காத்துக்கொள்ளும் கல்வியாகும்.

வழி வெகு தொலைவிலும் இல்லை. ஆலப்புழையில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் நீர் விளையாட்டுப் பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே நேரு கோப்பையிலும் பெண்கள் தெக்கனோடி வள்ளங்களைத் துழாவுகின்றனர். நம்மூர்ப் பெண்களின் கரங்கள் அவற்றிற்கு இளைத்தவை அல்ல.

மேலும் ஒரு நற்செய்தி. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கடற்கரைப் படகு ஓட்டம் புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இதில் போட்டியாளர் மணலில் ஓடிவந்து, அலையில் நிற்கும் படகில் ஏறி, மிதவைகளைச் சுற்றி 250 மீட்டர் சென்று, திரும்பி, மீண்டும் கரையில் குதித்து மணலில் ஓடி முடிக்க வேண்டும். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, இருபாலாரும் இணைந்து வலிப்பது ஒன்று என மூன்று பந்தயங்கள். அமைதியான ஏரி இதற்குத் தேவையில்லை. அலையும் மணலும் போதும். அவை நம் மாவட்டத்தில் குறைவாகவா இருக்கின்றன?

முடிவுரை

அன்பார்ந்த தோழியரே! ஒலிம்பிக் பதக்கம் எல்லாருக்கும் கிட்டுவதன்று. ஆனால் நீந்தக் கற்பது நம் எல்லாராலும் இயலும். படகு ஒன்றில் ஒன்றாய் உழைக்கும் ஒழுங்கைக் கற்பதும் இயலும். பெற்றோரே, உங்கள் மகளைக் கடலில் தனியே விடும்படி நாங்கள் கேட்கவில்லை; விடுமுறையில் ஒரு மாதம் அவள் நீச்சல் கற்க இசைவு தாருங்கள் என்றே கேட்கிறோம். எங்களைப் பெற்ற தாய்மார் போலவே பேணிவரும் அருட்சகோதரியரும், ஓட்டப் பந்தயத்திற்கும் வளையப்பந்துக்கும் தரும் ஊக்கத்தை இதற்கும் தர வேண்டுகிறோம்.

அலை ஓய்ந்த பிறகு தலை முழுகலாம் என்று காத்திருந்தவன் கதையை நம் பாட்டிமார் சொல்வர். அலை ஓய்வதில்லை. 76 ஆண்டுகள் காத்திருந்து உலகப் பெண்கள் படகில் ஏறினார்கள். நாமும் இறைவனின் துணையோடு, முதலில் நீரில் இறங்குவோம்.